ஏழாம் குகைக்கு இருவர்

ஆழ்வார்குறிச்சி,
15.6.2025

என் ஸ்டெபிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும் என்று தொடங்கினால், "உனக்கும் அப்படியே ஆகட்டும்ட்டி" என்பாய். அதைக் கேட்டுவிட்டதாகவே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். உடம்பு நன்றாக இருக்கிறது. மனசைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன், இடம் இருந்தால்.

விடுதிக்குப் பின்னால் வயல், வயலுக்கு அந்தப் பக்கம் கடனா நதி. மயில் கத்துவது பூனையை யாரோ மிதித்தது போல இருக்கிறது. பதினொன்றாம் வகுப்புப் புத்தகங்கள் எல்லாம் வந்துவிட்டன. தமிழ்ப் புத்தகத்தை முதல் இரண்டு நாளிலேயே படித்து முடித்துவிட்டேன். இனி வருஷம் முழுக்க அதை என்ன செய்வது என்று தெரியவில்லை.

கைபேசி கூடாது. ஞாயிற்றுக்கிழமை வார்டன் அறையிலிருந்து உம்மா வாப்பாவிடம் மட்டும் பேசலாம். கடிதம் எழுதலாம், ஆனால் போகிறதையும் வருகிறதையும் வார்டன் பிரேமலதா டீச்சர் படித்துத்தான் கொடுப்பார்கள். அதனால் டீச்சர், இந்தப் பத்தி உங்களுக்கு: நானும் வண்ணார்பேட்டையில் எங்கள் தெருவில் இருக்கிற ஸ்டெபியும் கைபேசியில் ஓர் ஆட்டம் ஆடுவோம். அதில் அவள் வேல்காரி, நான் மருத்துவச்சி. இரண்டு வகையாக ஆடலாம். "களம்" என்றால் இரண்டு பேர் எதிரே இன்னும் இரண்டு பேர், போட்டி. "குகை" என்றால் இரண்டு பேரும் சேர்ந்து உள்ளே இருக்கும் பூதங்களோடு மோதுவது. அங்கே மனிதர் யாரும் தோற்பதில்லை. மொத்தம் ஏழு குகை. ஆறு முடித்துவிட்டோம். இதில் எங்கேயாவது "கொன்றோம்" என்று வந்தால் பூதத்தைத்தான்.

ஸ்டெபி, ஏழாவதைத் தொடாமல் வைத்திரு. காலாண்டு விடுமுறைக்கு வந்ததும் நாம் இரண்டு பேரும் போவோம். என் கடவுச்சொல் உன்னிடம் இருக்கிறது, பத்திரம். ஆட்டத்தில் எந்தத் திறனைக் கூட்டினார்கள், எதைக் குறைத்தார்கள் என்று அறிவிப்பு வந்தால் அப்படியே எழுதி அனுப்பு. நான் காகிதத்தில் கணக்குப் போட்டு வைக்கிறேன்.

மனசைப் பற்றி எழுத இடம் இல்லை.

உன் மருத்துவச்சி,
தஸ்மியா


வண்ணார்பேட்டை
24.6.2025

ஏட்டி தஸ்மியா,

கடுதாசி வந்துச்சு. தபால்காரர் "ஸ்டெபி யாரு?"ன்னு கேட்டதும் எங்க அப்பா, "எம் மவதான், என்ன கேஸு?"ன்னு பதறிட்டாரு. எங்க வீட்டுக்கு கரண்டு ஆபீஸைத் தவிர யாரும் எழுதுனதே இல்லல்லா.

பிரேமலதா டீச்சருக்கு வணக்கம். நான் நல்ல பிள்ளதான் டீச்சர்.

இப்ப விஷயம். நீ போனதுக்கு அப்புறம் ஜோடி நிலை இறங்க ஆரம்பிச்சிட்டு. வாரத்துக்கு ஒரு தடவையாவது ரெண்டு பேரும் சேந்து ஆடலேன்னா இறங்குமாம், இன்னும் இறங்குனா ஏழாவது குகைக் கதவே தெறக்காதாம். நான் என்ன செய்ய? உங்க சாச்சா மவ ஷம்ஸியா வீட்டு வாசல்ல சும்மா நின்னா. "ஏளா, ஆட்டத்துல தஸ்மியா ஆள நீ ஓட்டுதியா?"ன்னு கேட்டேன். "தஸ்மியா ராத்தா ஒண்ணும் சொல்லாதா?"ன்னா. "அவளுக்காகத்தாம்ட்டி"ன்னு சொல்லி உன் கடவுச்சொல்ல போட்டுக் குடுத்துட்டேன். ஜோடி நிலை பழையபடி ஏறிட்டு. சந்தோஷம்தான?

அவ கை என்னா வேகம் தெரியுமா! குகைக்கு இல்ல, களத்துக்குத்தான் அவ சரி. நம்ம உயிர்க்கயிறு இருக்குல்லா, அதை அவ போட்டான்னா நான் சாகவே மாட்டேங்கேன். எனக்கு அடி விழ விழ அவ உயிரு எனக்கு வருது, அவளுக்கு அடி விழுந்தா எனக்குள்ளது அவளுக்குப் போகுது. எதிராளி பைத்தியம் பிடிச்சு ஓடுதான். நேத்து மதுரைக்காரன் ஒருத்தன், "நீங்க ரெண்டு பேரா, ஒரே ஆளா?"ன்னு எழுதிக் கேட்டான். தொடர்ந்து பதினொரு ஆட்டம் ஜெயிச்சோம்ட்டி! மாவட்டப் பட்டியல்ல நம்ம பேரு வந்துட்டு.

அறிவிப்பு ஒண்ணும் வரல. மயிலை மிதிச்சிராத.

ஸ்டெபி


ஆழ்வார்குறிச்சி,
6.7.2025

அன்புள்ள ஸ்டெபி,

உன் கடிதம் என்னிடம் வருவதற்கு முன்னால் நான் வார்டன் அறைக்குப் போக வேண்டியதாகிவிட்டது. "யாரம்மா இது சாகவே மாட்டேங்கிறவ? இந்தக் கயிறு எந்தக் கயிறு?" என்று டீச்சர் கேட்டார்கள். நான் விளக்கிச் சொன்னேன். கடைசியில் டீச்சர், "அப்ப உன் ஆள வேற பிள்ளை வச்சு ஆடுதா, அப்படித்தான?" என்றார்கள். அப்படித்தான் டீச்சர் என்றேன். அவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கடிதத்தைக் கொடுத்துவிட்டார்கள்.

பதினொரு ஆட்டம் ஜெயித்ததில் மகிழ்ச்சி.

ஷம்ஸியா மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. சும்மா கேட்கிறேன்: மருத்துவச்சியின் பச்சை முக்காட்டை அவள் மாற்றினாளா? மாற்றியிருந்தால் எந்த நிறம்? அவள் ஆடும்போது உன் வீட்டுக்கு வருகிறாளா, அவள் வீட்டிலிருந்தே ஆடுகிறாளா? வந்தால், நான் உட்காரும் ஜன்னல் பக்கம் உட்காருகிறாளா? சின்ன வயதில் என்னிடம் பென்சில் இரவல் வாங்குவாள். திருப்பித் தருவாள், தராமல் இருக்க மாட்டாள். ஆனால் வரும்போது அது குட்டையாக வரும். வேறொன்றும் இல்லை, நினைவு வந்தது, எழுதினேன்.

"நம்ம பேரு பட்டியலில் வந்துவிட்டது" என்று எழுதியிருக்கிறாய். அந்த "நம்ம"வில் எத்தனை பேர் என்று யோசித்தேன்.

போகட்டும். நான் ஆட்டத்தைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். உயிர்க்கயிறு போட்டிக்கு நியாயமே இல்லாத திறன். நீயே எழுதியிருக்கிறாய், எதிராளி ஓடுகிறான் என்று. ஓட வைப்பது திறமையா? ஆட்டத்தை நடத்துகிறவர்கள் மாதாமாதம் இணைய மன்றத்தில் ஆடுபவர்களின் கருத்தைக் கேட்கிறார்கள் அல்லவா? அதற்காக இரண்டு பக்கம் ஆங்கிலத்தில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். கயிற்றின் வலுவை ஏன் பாதியாகக் குறைக்க வேண்டும் என்பதற்குக் காரணங்களை வரிசையாகச் சொல்லியிருக்கிறேன். எழுத்துப் பிழை இல்லாமல் அப்படியே தட்டி, என் பெயரில் போட்டுவிடு. இது பொது நன்மைக்கு.

ஆற்றில் தண்ணீர் வந்திருக்கிறது. பார்க்க அழகாக இருக்கிறது. காட்டுவதற்குத்தான் ஆள் இல்லை.

தஸ்மியா

பி.கு.: முக்காட்டைப் பற்றி மறக்காமல் எழுது.


வண்ணார்பேட்டை
28.7.2025

தஸ்மியா,

முக்காடு ஊதா. போதுமா? பச்சை களத்துல புல்லோட புல்லா கண்ணுக்குத் தெரிய மாட்டேங்குன்னு மாத்துனா. உனக்கு வேணும்னா திருப்பி மாத்திரலாம், பெட்டியிலதான் கெடக்கு. ஜன்னல் பக்கம் அவ உக்காரல. அங்கன வெயில் அடிக்குன்னு எங்க அம்மா துணி காயப் போட்டுருக்கா. ஒரு ஆளு போனா அந்த இடத்துல ஈர நைட்டிதான் உக்காருது. இதுக்கும் வருத்தப்படாத.

நீ எழுதுனதை அன்னைக்கே மன்றத்துல போட்டுட்டேன். பாதி இங்கிலீசு எனக்கு விளங்கல. நீ எழுதுனா சரியாத்தான் இருக்கும்னு ஒவ்வொரு எழுத்தாப் பாத்துத் தட்டுனேன். விரல் வலிச்சிட்டு. எக்கச்சக்கமான பேரு "சரிதான் சரிதான்"னு கீழ எழுதுனாங்க. உன்ன மாதிரியே வேற நெறைய பேரும் எழுதிருந்தாங்க போல.

போன வாரம் அறிவிப்பு வந்துச்சு. நீ கேட்ட மாதிரி எழுதி அனுப்புதேன்: "உயிர்க்கயிற்றின் வலு பாதியாகக் குறைக்கப்படுகிறது." அவ்வளவுதான்.

ஆனா தஸ்மியா, களத்துல மட்டும் குறைக்கல. கயிறு ஒண்ணுதான, எண்ணும் ஒண்ணுதான். குகையிலயும் பாதியாப் போச்சு.

ஷம்ஸியாவுக்கு ஒரு நட்டமும் இல்ல. ஒரு நாள் உம்முன்னு இருந்தா, மறுநாள் கயிற விட்டுட்டு விஷப்பொடித் திறன எடுத்துக்கிட்டா. இப்பவும் களத்துல ஜெயிக்கத்தான் செய்யுதா. குகைக்குத்தான் கேடு. அஞ்சாவது குகைக்கு சும்மா போய்ப் பாத்தோம், நாம சிரிச்சிக்கிட்டே முடிச்சது ஞாபகம் இருக்கா? பாதி வழியில செத்துட்டோம். அஞ்சே இப்படின்னா ஏழு எப்படி? ரெண்டு பேரா யாராலயும் முடிக்க முடியலன்னு மன்றத்துல அழுகை.

எனக்கு ரெண்டு நாளா சோறு இறங்கல, சிரிக்காத. ஷம்ஸியா எத்தனையோ தடவை கேட்டா, "அக்கா, ஏழாவதுக்குப் போவமா, கதவு தெறந்துதான இருக்கு?"ன்னு. "அது தஸ்மியாவுக்கு வச்சது, களத்துக்கு மட்டும் வா"ன்னு சொல்லிட்டேன். கயிறு முழுசா இருந்தப்பவே அவளக் கூட்டிட்டுப் போயிருக்கலாம். நான் போகல. இப்ப உனக்கும் இல்லாமப் போச்சு.

நீ கணக்குல புலியாச்சே. இதுக்கு ஏதாவது வழி இருந்தா எழுது.

ஸ்டெபி


ஆழ்வார்குறிச்சி,
10.8.2025

அன்பு ஸ்டெபி,

உன் கடிதத்தைக் கணக்கு வகுப்பில், முக்கோணவியலுக்கு அடியில் வைத்துப் படித்தேன். "அது தஸ்மியாவுக்கு வச்சது" என்கிற வரி வந்ததும் ஆசிரியர் என்னை எழுப்பிக் கேள்வி கேட்டார். எனக்குத் தெரிந்த கேள்விதான். முந்தின கணக்கின் விடையைச் சொன்னேன். "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்றார். ஆமாம் சார் என்றேன்.

நீ எனக்காகக் கதவைச் சாத்தி வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. நீ எழுதவில்லை. எழுதியிருந்தால் நான்... சரி, அது இருக்கட்டும்.

வழி இருக்கிறது. தவறு எங்கே என்று கண்டுபிடித்துவிட்டேன். ஒரே திறனுக்குக் களத்திலும் குகையிலும் ஒரே எண் வைத்ததுதான் தவறு. களத்தில் எதிரே நிற்பவன் மனிதன். அவனுக்கும் ஜெயிக்க ஆசை இருக்கிறது, அவன் கையைக் கட்டிப் போட்டால் அழுவான். குகையில் எதிரே இருக்கும் எருமைத்தலைப் பூதத்துக்கு ஆசையும் இல்லை, அழுகையும் இல்லை. அங்கே நாம் எவ்வளவு வலுவாக இருந்தாலும் யாருக்கும் குறைச்சல் வராது. ஆகையால் கயிறு ஒன்றாகவே இருக்கட்டும். அதன் வலுவைக் களத்துக்குத் தனியாக, குகைக்குத் தனியாக வைக்க வேண்டும்.

இதற்கு உன் ஹென்றி மாமா ஊரைத்தான் உதாரணமாகக் காட்டியிருக்கிறேன். மாதா கோயில் திருவிழாவுக்கு உன்னோடு வந்தபோது கடலில் வள்ளப் போட்டி பார்த்தோமே. போட்டிக்கு முன்னால் எல்லா வள்ளத்திலும் பெரிய மோட்டாரைக் கழற்றிவிட்டு, ஒரே மாதிரி சின்ன மோட்டார் மாட்டினார்கள். "இல்லாட்டி காசு உள்ளவன்தான ஜெயிப்பான்?" என்று மாமா சொன்னார். மறுநாள் மீன்பிடிக்கப் போகும்போது அந்தச் சின்ன மோட்டாரோடா போனார்கள்? பெரியதை மாட்டிக்கொண்டுதானே போனார்கள்? கடலோடு யாரும் பந்தயம் வைப்பதில்லை. இதைத்தான் மூன்று பக்கம் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறேன். தயவுசெய்து உடனே போடு. விரல் வலித்தால் விட்டு விட்டுத் தட்டு.

என் முதல் கட்டுரையை அழித்துவிட முடியுமா? முடியாவிட்டால் பரவாயில்லை. அதை யாரும் இனிப் படிக்கத் தேவையில்லை, அவ்வளவுதான்.

இங்கே கபடியில் என்னைச் சேர்த்திருக்கிறார்கள். பிடித்தால் விட மாட்டேன் என்கிறேன் என்று எதிர் அணியும் திட்டுகிறது, எங்கள் அணியும் திட்டுகிறது.

உன்
தஸ்மியா


வண்ணார்பேட்டை
2.9.2025

தஸ்மியாவுக்கு ஸ்டெபி எழுதுதேன்.

ரெண்டாவது கட்டுரையையும் போட்டாச்சு. ஹென்றி மாமாவுக்கு போன் போட்டு, "மாமா, உங்கள வெளிநாட்டுக்காரன் படிக்கப் போறான்"ன்னேன். "எதுக்குளா, டீசல் கணக்கு கேப்பானோ?"ன்னாரு.

இந்தத் தடவை அர்த்தம் தெரிஞ்சிக்கிட்டுத் தட்டணும்னு ஷம்ஸியாவைப் பக்கத்துல வச்சிக்கிட்டேன். அவளுக்கு இங்கிலீசு நல்லா வருது. இது முடிஞ்சதும், "அப்ப மொதல்ல ராத்தா என்ன எழுதுனா?"ன்னு கேட்டு, மன்றத்துல தேடி எடுத்து அதையும் படிச்சா. சத்தமாத் தமிழ்ல சொல்லச் சொல்ல நான் கேட்டேன். "தொடர்ந்து பதினொரு ஆட்டம் வெல்கிறார்கள்." "எதிராளி ஓடுகிறான்." "இரண்டு பேரா, ஒரே ஆளா என்று மதுரைக்காரர் ஒருவர் கேட்டார்." இதெல்லாம் எங்க இருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா? நான் உனக்கு சந்தோஷத்துல எழுதுனது தஸ்மியா. உன்னத் தவிர நான் யாருக்கு எழுதுதேன்? அதை எடுத்து எம் மேலயே சாட்சி வச்சிட்ட. அதையும் என் விரல வச்சே தட்ட வச்சிட்ட.

ஷம்ஸியா சிரிச்சிட்டா. "ராத்தாவுக்கு எம்மேல கோவம்க்கா. என்கிட்ட வாயால சொல்லிருந்தா ஆள விட்டுருப்பேன்ல்லா"ன்னா. எனக்குச் சிரிப்பு வரல.

நீ பொறாமைப்பட்டது எனக்கு ஒண்ணும் பெரிசில்ல. எனக்கும்தான் உன் ஆழ்வார்குறிச்சி மேல, கபடி மேலயெல்லாம் பொறாமை. பொதுநன்மைன்னு எழுதுன பாரு, அதுதான் ஆறல.

உன் யோசனை பலிச்சிட்டு. உன்னாலயா, ஊரே அழுததாலயான்னு தெரியல. நேத்து அறிவிப்பு: உயிர்க்கயிறு களத்துல பாதி, குகையில பழையபடி முழுசு. இனிமே எல்லாத் திறனுக்கும் ரெண்டு எண் வப்பாங்களாம். ஏழாவது குகை இந்த மாசக் கடைசி வரைக்கும்தான். அதுக்கப்புறம் மூடிட்டு வேற கொண்டு வாராங்க. உன் விடுமுறை அதுக்குள்ள வந்துரும்னு நெனைக்கேன். வந்தா போவோம். சொன்னா சொன்னதுதான்.

ஆனா ஒண்ணு. நானும் இனிமே உன்கிட்ட ரெண்டு எண் வச்சிக்கிடப் போறேன். குகையைப் பத்தி எழுதுவேன், வீட்டைப் பத்தி எழுதுவேன். நான் எங்கயாவது ஜெயிச்சா அதை உனக்கு எழுத மாட்டேன். அது உனக்கும் நல்லதில்ல, எனக்கும் நல்லதில்ல.

உடம்பப் பாத்துக்கோ.

ஸ்டெபி


ஆழ்வார்குறிச்சி,
7.9.2025

ஸ்டெபி,

இதற்கு முன்பு எழுதிய இரண்டு கடிதங்களைக் கிழித்துவிட்டேன். இரண்டிலும் நியாயம் நன்றாக இருந்தது, அதனால்தான் கிழித்தேன்.

பிரேமலதா டீச்சர் உன் கடிதத்தைக் கொடுக்கும்போது, "உக்காந்து படி" என்றார்கள். உட்கார்ந்து படித்தேன். நீ எழுதியது எல்லாம் சரி. மதுரைக்காரர் கேட்டதைப் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. நாம் இரண்டு பேரும் ஆடியபோது அப்படி யாரும் கேட்டதே இல்லை. அந்த எரிச்சலுக்கு என்ன பேர் என்று அப்போதே எனக்குத் தெரியும். தெரிந்தேதான் இங்கிலீஷில் அதற்கு வேறு பேர் வைத்தேன்.

காலாண்டு விடுமுறையில் பதினொன்றாம் வகுப்புக்குச் சிறப்பு வகுப்பு வைத்துவிட்டார்கள். உம்மாவிடம் அழுது பார்த்தேன். "வாப்பாக்கிட்ட பேசு" என்றார்கள். வாப்பா சவூதியில் தம்மாமிலிருந்து போனில், "நான் ரெண்டு வருஷமா வரல, நீ ரெண்டு வாரம் இருக்க மாட்டியாம்மா?" என்றார்கள். அதற்கு மேல் என்ன பேசுவது? மாதக் கடைசிக்குள் நான் வர முடியாது.

ஆகையால் ஷம்ஸியாவை அழைத்துக்கொண்டு ஏழாவது குகைக்குப் போ. இதைப் பெருந்தன்மையாக எழுதுகிறேன் என்று நினைக்காதே. இந்த வரியை எழுதப் பேனாவை மூன்று தடவை மூடித் திறந்தேன். ஆனாலும் கதவு மூடிய பிறகு நம் இரண்டு பேருக்கும் இல்லை என்று ஆவதைவிட, நீயாவது உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஷம்ஸியா என் மருத்துவச்சியோடே போகட்டும். முக்காடு ஊதாவாகவே இருக்கட்டும். அவளுக்குக் களத்துப் பழக்கம், எல்லாவற்றிலும் அவசரப்படுவாள். குகையில் பைய நடக்கச் சொல். உன்னை முன்னால் விட்டுவிட்டு அவள் பின்னால் வர வேண்டும். உனக்கு அடி விழும் என்று தெரிந்தால், விழுவதற்கு முன்பே கயிற்றைப் போட வேண்டும். அவளுக்குத் தனியாக எழுத முயன்றேன், "அன்புள்ள ஷம்ஸியா"வுக்கு மேல் ஓடவில்லை. அடுத்த தடவை ஓடும்.

இரண்டு எண் மட்டும் வேண்டாம் ஸ்டெபி. ஆட்டத்துக்கு அதை நான்தான் கேட்டேன், கடிதத்துக்குக் கேட்கவில்லை. நீ ஜெயித்ததை மறைத்து வைத்துவிட்டு, வீட்டில் எல்லாரும் சுகம் என்று எழுதினால் அது உன் கடிதம் இல்லை. யாரும் யாருக்கும் எழுதும் கடிதம். எனக்கு நீ முழுதாக வேண்டும். படிக்கும்போது பல்லைக் கடிப்பேன், ஒரு நாள் சாப்பிட மாட்டேன், கபடியில் யாரையாவது பிடித்துக் கீழே தள்ளுவேன். உன்னை எதிர்த்து எங்கேயும் எழுத மாட்டேன். எழுதத் தோன்றினால் உனக்கே எழுதுகிறேன், தமிழில்.

ஏழாவது குகையில் என்ன நடந்தது என்று ஒன்று விடாமல் எழுது. நீங்கள் ஜெயித்தால் ஒரு பக்கம் போதும். தோற்றால் இரண்டு பக்கம் எழுது.

தஸ்மியா